சர்வதேசத் தலைமைத்துவ ஃபெலோஷிப்: களப்பணியாளர்கள் விண்ணப்பிக்க முழுமையான வழிகாட்டி

மக்களோடு நின்று வேலை செய்பவர்கள் பலருக்கு ஃபெலோஷிப், அதாவது பயிற்சியோ படிப்போ நிதியோ தந்து தேர்ந்தெடுத்தவர்களை வளர்க்கும் திட்டம், அதற்கான விண்ணப்பம் தயாரிக்க உதவியிருக்கிறேன். நல்ல வேலை செய்தவர்கள் முதல் சுற்றிலேயே நின்றுபோவதை அடிக்கடி பார்க்கிறேன். வேலை சிறியது என்பதால் அப்படி ஆவது குறைவு. பெரும்பாலும் வரிசைதான் பிசகுகிறது. படிவத்தைத் திறந்து முதல் கேள்வியிலிருந்து நிரப்பத் தொடங்குகிறார்கள். பரிந்துரைக் கடிதம் கடைசி வாரத்தில்தான் நினைவுக்கு வருகிறது. 'திரும்பிப்போய் என்ன செய்வீர்கள்?' என்ற கேள்விக்கு வந்து சேரும்போது நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. அந்தக் கேள்வியைத்தான் தேர்வுக்குழு முதலில் புரட்டிப் பார்க்கிறது.

அதனால் இந்த வழிகாட்டியின் வரிசை படிவத்தின் வரிசையாக இருக்காது. கடைசித் தேதிக்கு ஆறு மாதம் முன்பே தொடங்கினால் நிதானமாகச் செய்யலாம்.

1. எந்த வகை என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

ஃபெலோஷிப் என்ற ஒரே பெயருக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல திட்டங்கள் இருக்கின்றன. ஒரே விண்ணப்பத்தைச் சிறிது மாற்றி எல்லாவற்றுக்கும் அனுப்புவது புதியவர்களின் முதல் தவறு.

தங்கிக் கற்கும் பயிற்சிகள் ஒரு வகை. ஜப்பானின் தோச்சிகி மாகாணத்தில் உள்ள ஆசிய கிராமப்புற நிறுவனம், அடித்தட்டு மக்களோடு வேலை செய்பவர்களுக்கு ஏப்ரல் முதல் டிசம்பர் வரை 9 மாதப் பயிற்சி தருகிறது. பல நாட்டவரும் அங்கேயே தங்கி, தங்கள் உணவைத் தாங்களே விளைவித்துச் சமைத்து, கூடி வாழ்ந்தபடி கற்கிறார்கள். உங்களை அனுப்பும் அமைப்பு ஒன்று இருக்க வேண்டும், முடிந்ததும் அங்கேயே திரும்ப வேண்டும் என்பது அதன் அடிப்படை. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் புனித பிரான்சிஸ் சேவியர் பல்கலைக்கழகத்தில் இயங்கும் கோடி (Coady) நிறுவனமும் சமூக வளர்ச்சிப் பணியாளர்களுக்கான பயிற்சிகளுக்குப் பெயர்பெற்றது.

பட்டம் தருபவை இன்னொரு வகை. பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகை அங்கே ஓராண்டு முதுகலை படிக்க வைக்கிறது. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் நடக்கும் சமூக, பொருளாதாரச் சமத்துவத்துக்கான அட்லாண்டிக் ஃபெலோஸ் திட்டத்தில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று லண்டனில் தங்கி முதுகலை படிப்பது. மற்றொன்று இருக்கும் வேலையை விடாமல், அவ்வப்போது கூடிக் கற்பது.

அமெரிக்காவின் ஹம்ஃப்ரி ஃபெலோஷிப் சுமார் 10 மாதம் நடக்கும், பட்டம் கிடையாது. ஆனால் விண்ணப்பிக்க இளங்கலைப் பட்டமும் ஐந்தாண்டு முழுநேர அனுபவமும் வேண்டும்.

சமூகப் பிரச்சினைகளுக்குப் புதிய வழி காண்பவர்களை ஆதரிக்கும் அசோகா என்ற அமைப்பு வேறு மாதிரி. அது உங்களை எங்கும் அழைத்துப்போவதில்லை. உங்கள் யோசனை உண்மையிலேயே புதியதா, அதைப் பரப்பும் விடாப்பிடி உங்களிடம் இருக்கிறதா, நேர்மை எப்படி என்று பல கட்டங்களில் ஆராய்கிறது. தேர்ந்தெடுத்தால், தேவைப்படுபவருக்கு மூன்று ஆண்டுகள் வரை வாழ்க்கைச் செலவைக் கொடுத்து அந்த வேலையிலேயே முழுநேரம் இருக்க வைக்கிறது. உங்கள் பெயரை இன்னொருவரும் முன்மொழியலாம். ஒபாமா அறக்கட்டளையின் தலைவர்கள் திட்டம் ஆறு மாதம் இணைய வழியில் நடக்கிறது. வேலையையும் வீட்டையும் விட்டுப் போக முடியாதவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இப்படிப்பட்ட திட்டங்களை.

இவற்றில் எதைத் தேர்வது? உங்களுக்கு இப்போது குறைவது எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். புதிய திறமையா, கதவைத் திறக்கும் பட்டமா, யோசிக்க நேரமா, இதே வேலையை வேறு நாட்டில் செய்பவர்களின் தொடர்பா? பட்டம் தேவைப்படாதவர் செவனிங்குக்கு எழுதும் விண்ணப்பம் எப்படியும் தளர்வாகத்தான் வரும். இரண்டு அல்லது மூன்று திட்டங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அரசு நிதியில் நடப்பவை திடீரென நிற்கவும் செய்யும். போன ஆண்டு போய்வந்தவர் சொன்னதை வைத்து முடிவு செய்யாமல், இந்த ஆண்டின் அறிவிப்பைத் திட்டத்தின் சொந்தத் தளத்திலேயே படியுங்கள்.

2. தகுதிப் பட்டியலை 'யார் விண்ணப்பிக்க முடியாது' என்ற பக்கத்திலிருந்து படியுங்கள்

தகுதிகளைப் படிக்கும்போது எல்லாமே நமக்குப் பொருந்துவதுபோலத் தோன்றும். தடைகளைப் படித்தால் அரை மணி நேரத்தில் தெளிவு கிடைத்துவிடும். வயது எந்தத் தேதியில் கணக்கிடப்படுகிறது? இப்போது எந்த நாட்டில் வசிக்க வேண்டும்? இரட்டைக் குடியுரிமை இருக்கலாமா? அரசு ஊழியரும் கட்சிப் பொறுப்பில் இருப்பவரும் விண்ணப்பிக்கலாமா? முன்பு அதே அரசின் உதவித்தொகை பெற்றிருந்தால் எத்தனை ஆண்டு இடைவெளி வேண்டும்? இவற்றில் ஒன்று தட்டினாலும் மற்ற உழைப்பெல்லாம் வீண்.

அனுபவக் கணக்கில் களப்பணியாளர்கள் தங்களைத் தாங்களே குறைத்துக்கொள்கிறார்கள். சம்பளம் வாங்கிய ஆண்டுகளை மட்டும் எழுதுகிறார்கள். செவனிங் 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்கிறது, தன்னார்வப் பணியும் அதில் சேரும். மாலை வகுப்பு நடத்தியது, வெள்ள நிவாரணத்தில் நின்றது, சங்கக் கணக்கைப் பார்த்தது எல்லாவற்றையும் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, வாரம் எத்தனை மணி நேரம் என்று எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

சந்தேகம் இருந்தால் திட்ட அலுவலகத்துக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒரே கேள்வி, நாலு வரி போதும். பதில் வந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள்.

3. திரும்பி வந்தபின் செய்யப்போவதை எல்லாவற்றுக்கும் முன்னால் எழுதுங்கள்

இதைக் கடைசியில் எழுதுபவர்களின் விண்ணப்பங்களை ஒரு வாக்கியத்திலேயே அடையாளம் காணலாம். 'கற்றதை என் சமூகத்துக்குப் பயன்படுத்துவேன்' என்று முடிந்திருக்கும். அதை யாரும் எழுதலாம், எந்தத் திட்டத்துக்கும் எழுதலாம். பணம் கொடுப்பவர்களின் கவலையோ வேறு: இந்த ஆளுக்குச் செலவழித்தால் அந்த ஊர் மக்களுக்கு என்ன போய்ச் சேரும்?

ஒரு முழுப் பக்கம் எடுத்துக்கொண்டு, உங்களுக்கு வசதியான மொழியில் இந்த வரிசையில் எழுதுங்கள். இப்போது எந்த இடத்தில் வேலை முட்டி நிற்கிறது? அதை நகர்த்த எனக்கு என்ன தெரியவில்லை? அதை இந்தத் திட்டத்தின் எந்தப் பகுதி கற்றுத் தரும்? திரும்பிய முதல் ஆறு மாதத்தில் யாரோடு உட்கார்ந்து எதைத் தொடங்குவேன்? இரண்டு ஆண்டு கழித்து என்ன மாறியிருந்தால் பயன்பட்டது என்று சொல்வேன்?

இரண்டாவது கேள்விதான் பலருக்குக் கடினம். குறையைச் சொன்னால் பலவீனமாகத் தெரியும் என்று பயப்படுகிறார்கள். ஆனால் கற்க வேண்டியது என்று ஒன்றுமே இல்லாதவரை எதற்குத் தேர்ந்தெடுக்க வேண்டும்? 'நிலப் பிரச்சினையில் மக்களைக் கூட்ட எனக்குத் தெரியும். கூடியபின் அரசு அதிகாரிகளோடு பேரம் பேசி, ஒப்பந்தமாக எழுதி வாங்கத் தெரியவில்லை. மூன்று முறை வாக்குறுதியோடு திரும்பிவிட்டோம்' என்று எழுதுபவரைக் குழு மறக்காது.

இந்தப் பக்கம் முடிந்தபின் அதை உங்களோடு வேலை செய்யும் மக்களில் இரண்டு மூன்று பேரிடம் படித்துக் காட்டுங்கள். 'இது எங்களுக்கு வேண்டாம், அதற்கு முன் வேறொன்று இருக்கிறது' என்று அவர்கள் சொன்னால் திட்டத்தை மாற்றுங்கள். அந்த உரையாடலையே விண்ணப்பத்தில் குறிப்பிடலாம். மக்களைக் கேட்டுவிட்டு எழுதியவருக்கும் மக்களுக்காகத் தானே முடிவு செய்தவருக்கும் உள்ள வித்தியாசம் எழுத்தில் தெரியும்.

பெரிதாகச் சொல்ல வேண்டும் என்று நாடு முழுவதையும் மாற்றும் திட்டத்தைப் போடாதீர்கள். மூன்று கிராமத்தில் வேலை செய்பவர் பன்னிரண்டு கிராமத்துக்குப் போவது நம்பும்படி இருக்கும்.

4. செய்த வேலைக்கு ஒரு பதிவேடு தயாரியுங்கள்

கட்டுரையில் கை வைக்கும் முன் இது வேண்டும். கட்டுரை, பரிந்துரைக் கடிதம், நேர்காணல் மூன்றுக்கும் சரக்கு இதிலிருந்துதான் வரும்.

ஐந்தாறு வேலைகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தொடங்கும்போது நிலைமை எப்படி இருந்தது, நீங்கள் செய்த முடிவு என்ன, மற்றவர்கள் செய்தது என்ன, யார் எதிர்த்தார்கள், கடைசியில் எது மாறியது, எது மாறவில்லை என்று எழுதுங்கள். பக்கத்திலேயே ஆதாரத்தையும் குறியுங்கள்: கூட்டப் பதிவேடு, மனு நகல், அரசாணை, புகைப்படம், வரவு செலவுக் கணக்கு. ஆதாரம் எல்லாவற்றையும் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் எண்ணைச் சரிபார்த்துவிட்டு எழுதியவர் நேர்காணலில் தடுமாற மாட்டார்.

எண்ணிக்கையில் கவனம் வேண்டும். 'ஆயிரக்கணக்கானோர் பயன்பெற்றனர்' என்பதைவிட '62 குடும்பங்கள், அதில் 40 இன்னும் குழுவில் இருக்கின்றன' என்பது வலுவானது. பயிற்சிக்கு வந்தவர்களின் எண்ணிக்கையும் வாழ்க்கை மாறியவர்களின் எண்ணிக்கையும் வேறு வேறு. இரண்டையும் கலக்காதீர்கள்.

தோற்றுப்போன வேலை ஒன்றையும் பதிவேட்டில் சேருங்கள். அதைப் பற்றிக் கேள்வி வருவது கிட்டத்தட்ட உறுதி. தோல்வியை 'நிதி வரவில்லை' என்று முடிக்காமல், நீங்கள் எதைத் தவறாகக் கணித்தீர்கள், அடுத்த முறை எதை மாற்றினீர்கள் என்பதுவரை எழுதிவையுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பதிவேட்டில் வருபவர்கள் உயிரோடு இருக்கும் மனிதர்கள். வன்முறைக்கு ஆளானவர்கள், சிறுவர்கள், கடன் கொத்தடிமையிலிருந்து மீண்டவர்கள் இவர்களின் பெயரும் படமும் உங்கள் விண்ணப்பத்தை அழகுபடுத்தும் பொருள்கள் கிடையாது. கேட்டு, சம்மதம் வாங்கி, அப்போதும் பெயரை மாற்றியே எழுதுங்கள். ஊரையும் தேதியையும் சேர்த்துச் சொன்னால் பெயரில்லாமலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதையும் யோசியுங்கள்.

5. அமைப்பிடமும் வீட்டிலும் இப்போதே பேசுங்கள்

தேர்வான பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விடுபவர்கள் இருக்கிறார்கள். அப்போது சொன்னால் அமைப்புக்கு அது அதிர்ச்சி, வீட்டுக்கு அது சண்டை. நேர்காணலிலேயே 'உங்கள் அமைப்பு சம்மதித்திருக்கிறதா?' என்று கேட்பதும் உண்டு.

அமைப்பிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: விடுப்புக் காலம், அந்தக் காலத்தில் சம்பளம் உண்டா இல்லையா, திரும்பும்போது எந்தப் பொறுப்பு. அமைப்பே இல்லாமல் தனியாக இயங்குபவர்கள் தங்கள் மக்கள் குழுவின் கூட்டத்தில் தீர்மானம் போட்டு அதன் நகலை வைத்துக்கொள்ளலாம். அனுப்பும் அமைப்பு கட்டாயம் என்று சொல்லும் திட்டங்களில் இது போதுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

வீட்டில் பணக் கணக்கைப் பேசியே ஆக வேண்டும். மாத உதவித்தொகை என்பது போகும் ஊரில் நீங்கள் சாப்பிட்டு, பேருந்து ஏறி, குளிருக்கு உடுத்திக்கொள்வதற்கு. வீட்டுச் செலவுக்கு அதிலிருந்து மிச்சம் பிடித்து அனுப்பலாம் என்று கணக்குப் போட்டுப் போனவர்கள் பட்டினி கிடந்ததைக் கேட்டிருக்கிறேன். நீங்கள் இல்லாத மாதங்களுக்கு வீட்டு வருமானம் எங்கிருந்து வரும், குழந்தைகளையும் முதியவர்களையும் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது முடிவாகாமல் மேலே போகாதீர்கள்.

6. பரிந்துரைக் கடிதத்துக்கு ஆளைத் தேர்ந்தெடுப்பது

பெரிய பதவியில் இருப்பவரின் கடிதம் பலமானது என்று பலர் நம்புகிறார்கள். உங்களை ஒருமுறை மேடையில் பார்த்த அதிகாரி 'நேர்மையானவர், உழைப்பாளி' என்றுதான் எழுத முடியும். உங்களோடு சேர்ந்து வேலை செய்தவர், நீங்கள் ஒரு நெருக்கடியை எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுவார். குழுவுக்கு வேண்டியது அந்த இரண்டாவது கடிதம்.

இரண்டு கடிதம் கேட்டால் இரண்டும் ஒரே கோணத்தில் வரக் கூடாது. ஒருவர் உங்கள் வேலையை மேற்பார்த்தவராகவும், மற்றவர் நீங்கள் வேலை செய்யும் மக்களில் ஒருவராகவோ கூட்டாளி அமைப்பைச் சேர்ந்தவராகவோ இருக்கட்டும். குடும்பத்தினர் கூடாது.

கடைசித் தேதிக்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பு கேளுங்கள். கேட்கும்போது கையில் கொடுக்க வேண்டியவை: திட்டத்தின் அறிவிப்பு, மூன்றாம் பகுதியில் எழுதிய பக்கம், அவருக்குத் தெரிந்த இரண்டு சம்பவங்களின் குறிப்பு, எப்படி அனுப்ப வேண்டும் என்ற விவரம். பல திட்டங்களில் பரிந்துரைப்பவருக்கு மின்னஞ்சலில் தனி இணைப்பு போகும், அது குப்பை அஞ்சலில் விழுந்துகிடக்கும். நீங்களே கேட்டு உறுதிசெய்யுங்கள்.

'நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்' என்று சொல்பவர்கள் உண்டு. அது வேண்டாம். உங்கள் கட்டுரையின் நடையும் கடிதத்தின் நடையும் ஒன்றாக இருந்தால் படிப்பவருக்குத் தெரிந்துவிடும், அதோடு உங்கள் மீதான நம்பிக்கையும் போய்விடும். குறிப்பு கொடுத்து அவரையே எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலம் வராதவர் என்றால் அவர் தன் மொழியில் எழுதட்டும். மொழிபெயர்ப்பை இணைக்கலாமா என்று திட்டத்திடம் கேளுங்கள்.

7. கட்டுரைகள்

இப்போதுதான் படிவத்தைத் திறக்க வேண்டும். எல்லாக் கேள்விகளையும் ஒரு தாளில் எடுத்தெழுதி, எந்தக் கேள்விக்குப் பதிவேட்டின் எந்தச் சம்பவம் என்று பங்கிடுங்கள். ஒரே சம்பவத்தை மூன்று பதிலில் சொல்லி இடத்தை வீணாக்குவது இதனால் தவிரும்.

அடுத்து, 'நாங்கள்' என்ற சொல். களப்பணியில் இருப்பவர்கள் இயல்பாகவே 'நாங்கள் செய்தோம்' என்கிறார்கள். அது நல்ல குணம், கூட்டு வேலையின் மரியாதை. ஆனால் தேர்வாகப்போவது தனி ஒருவர். அந்தக் கூட்டத்தில் நீங்கள் செய்தது என்ன என்று தெரியாவிட்டால் குழு மதிப்பெண் போட முடியாது. சங்கம் செய்ததற்கு 'நாங்கள்', நீங்கள் எடுத்த முடிவுக்கும் பட்ட பாட்டுக்கும் 'நான்' என்று பிரித்து எழுதுங்கள். எழுதி முடித்தபின் ஒவ்வொரு வினைச்சொல்லையும் தொட்டு 'இதைச் செய்தது யார்?' என்று கேட்டுப் பாருங்கள். அடக்கத்தோடும் உண்மையோடும் 'நான்' என்று எழுத முடியும்.

மூன்றாவது, தேய்ந்த சொற்கள். விழிப்புணர்வு, அதிகாரமளித்தல், திறன் மேம்பாடு, நிலைத்த வளர்ச்சி. அறிக்கைகளில் எழுதி எழுதி இவை கையில் தானாக வந்து விழுகின்றன. இப்படி ஒரு வாக்கியம்: 'விளிம்புநிலைப் பெண்களுக்கு விழிப்புணர்வு ஏற்படுத்தி அவர்களை அதிகாரப்படுத்தினேன்.' என்ன நடந்தது என்று இதிலிருந்து தெரியவில்லை. அதையே, ஒரு மாதிரிக்கு, இப்படி எழுதலாம்:

'குப்பை பொறுக்கும் பெண்கள் 40 பேருக்குத் தொழிலாளர் அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லாததால் மருத்துவச் சலுகையும் இல்லை. பெயர்ப்பட்டியலை நானே எழுதாமல், அவர்களே வீடுவீடாகப் போய் எழுதும்படி ஏற்பாடு செய்தேன். பட்டியலை நகர நிர்வாகத்திடம் அவர்களே கொடுத்தார்கள். 31 பேருக்கு அட்டை வந்தது. மீதி ஒன்பது பேரிடம் முகவரிச் சான்று இல்லை. அந்த வேலை இன்னும் நடக்கிறது.'

இதில் பெருமைச் சொல் ஒன்றும் இல்லை. ஆனால் ஆளின் தலைமைப் பண்பு, அவர் எதைத் தன் கையில் எடுக்கவில்லை என்பதில் தெரிகிறது. கடைசி இரண்டு வரிகளை வெட்டிவிடலாமே என்று பலர் கேட்பார்கள். வெட்டாதீர்கள். முடியாததையும் சொல்பவரின் எண்ணை நம்ப முடியும்.

வறுமையை வருணிப்பதில் பாதிக் கட்டுரை போய்விடுவதும் அடிக்கடி நடக்கிறது. நிலைமையைச் சொல்ல இரண்டு மூன்று வாக்கியம் போதும். மக்களைக் கண்ணீரோடு மட்டும் காட்டினால், அவர்கள் செய்ததெல்லாம் மறைந்துபோகும்.

முதல் வரைவை நீங்கள் யோசிக்கும் மொழியில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் நேரடியாக எழுத முயன்றால், தெரிந்த சொற்களுக்கு ஏற்றபடி சிந்தனை சுருங்கிவிடும். தமிழில் முழுமையாக எழுதி, பிறகு எளிய சிறு வாக்கியங்களாக ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். நண்பரின் உதவியோ மென்பொருளின் உதவியோ வாங்கி இலக்கணத்தைத் திருத்தலாம், திட்டத்தின் விதி அதை அனுமதித்தால். ஆனால் செயற்கை நுண்ணறிவிடம் கட்டுரையையே எழுதச் சொல்வது உங்களுக்கு நட்டம். அது தரும் பதில் வழவழப்பாக, ஊர் பேர் தெரியாத எவருக்கும் பொருந்துவதாக வரும். உங்களிடம் மட்டும் இருக்கும் சம்பவமும் சிக்கலும் அதில் இருக்காது. நேர்காணலில் உங்கள் பேச்சுக்கும் அதற்கும் ஒட்டாது.

எழுதி முடித்தபின் உங்கள் துறையே தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். படித்துவிட்டு 'இவர் என்ன செய்தார்?' என்று அவரால் மூன்று வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும்.

8. ஆங்கிலச் சான்று

ஐஇஎல்டிஎஸ், டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுகளின் மதிப்பெண்கள் இரண்டு ஆண்டு மட்டுமே செல்லும். கட்டணமும் அதிகம். எந்தத் தேர்வு வேண்டும், விண்ணப்பிக்கும்போதே வேண்டுமா, தேர்வானபின் போதுமா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அடித்தட்டு மக்களோடு வேலை செய்பவர்களுக்கான பயிற்சிகள் சிலவற்றில் நேர்காணலில் பேசுவதை வைத்தே மொழித்திறனைப் பார்க்கிறார்கள். இலக்கணம் பிசகினாலும் பரவாயில்லை. கேள்வி புரிந்து, சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தால் போதும் என்பதே பெரும்பாலும் அவர்களின் அளவுகோல்.

9. அனுப்பும் முன்

பாஸ்போர்ட் இல்லையென்றால் விண்ணப்பத்தோடு சேர்த்தே அதற்கும் போடுங்கள். இருந்தால் காலாவதித் தேதியைப் பாருங்கள். திட்டம் முடியும் நாளைத் தாண்டி ஆறு மாதமாவது செல்லுபடியாகும்படி இருந்தால் நல்லது.

பெயர் எழுதும் முறையில் அதிகச் சிக்கல் வருகிறது. தலைப்பெழுத்தோடு பெயர் எழுதுபவர்கள், குடும்பப் பெயர் இல்லாதவர்கள், பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ எழுத்து மாறாமல் அப்படியே எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள். கல்விச் சான்றிதழில் வேறு மாதிரி இருந்தால் இரண்டும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்தை இப்போதே வாங்கிவையுங்கள்.

கடைசித் தேதியின் நேரம் எந்த நாட்டு நேரம் என்று பாருங்கள். இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள், கடைசி மணி நேரத்தில் தளங்கள் திணறும். அனுப்பியதன் முழு நகலையும் சேமியுங்கள், நேர்காணலுக்கு அது வேண்டும்.

10. நேர்காணல்

பெரும்பாலும் காணொலியில்தான் நடக்கிறது. மின்சாரமும் இணையமும் நம்பகமான இடத்தை முன்னதாகவே பார்த்து வையுங்கள். இணைப்பு அறுந்தால் எந்த எண்ணில் கூப்பிடுவார்கள் என்று கேட்டுவையுங்கள்.

பதில்களை மனப்பாடம் செய்யாதீர்கள். மனப்பாடப் பதிலை இடையில் ஒரு கேள்வி கலைத்துவிட்டால் திரும்பச் சேர்க்க முடியாது. பதிவேட்டின் சம்பவங்களைப் பலமுறை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள், ஒவ்வொன்றையும் இரண்டு நிமிடத்தில். முதலில் நிலைமை, அப்புறம் உங்கள் பொறுப்பு, செய்தது, விளைவு.

எதிர்பார்க்க வேண்டிய கேள்விகள்: உங்கள் மக்களே உங்களை எதிர்த்த சமயம் எது? உங்கள் கருத்துக்கு நேர்மாறான ஒருவரோடு பல மாதம் ஒரே அறையில் இருப்பீர்களா? நீங்கள் இல்லாதபோது வேலை நின்றுவிடாதா? இந்த ஃபெலோஷிப் கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள்?

மூன்றாவது கேள்விக்கு 'நான் இல்லாமல் நடக்காது' என்பது பெருமையான பதில்போலத் தோன்றும். உண்மையில் அது உங்களுக்கு எதிரான சாட்சி. அடுத்தவரை வளர்க்காத தலைமை என்று அதற்குப் பொருள். யார் எந்தப் பொறுப்பை ஏற்கிறார் என்று சொல்லுங்கள். கடைசிக் கேள்விக்கு, வேலை தொடரும் என்பதையும் கற்க வேண்டியதை வேறு எந்த வழியில் கற்பீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

கேள்வி புரியாவிட்டால் திரும்பச் சொல்லும்படி கேட்கலாம், யாரும் குறையாக நினைப்பதில்லை. புரியாமல் வேறெதையோ பேசுவதுதான் மதிப்பெண்ணைக் குறைக்கும்.

11. கிடைக்காவிட்டால்

நன்றி சொல்லி, கருத்து தர முடியுமா என்று கேட்டு எழுதுங்கள். சில திட்டங்கள் தருகின்றன. நேர்காணல்வரை போயிருந்தால் அடுத்த ஆண்டு கட்டாயம் மறுபடி போடுங்கள். இடைப்பட்ட ஆண்டில் நடந்ததைச் சேர்த்து எழுதினால் விண்ணப்பம் வலுக்கும். முதல் சுற்றிலேயே நின்றிருந்தால் மூன்றாம், நான்காம் பகுதிகளுக்குத் திரும்புங்கள்.

12. கிடைத்தபின்: பணம், விசா, மோசடி

தேர்வுக் கடிதத்தைக் கொண்டாடும் முன் ஒரு தாளில் கேள்விகளை எழுதிக் கேளுங்கள். விமானப் பயணம், விசாக் கட்டணம், தங்குமிடம், மருத்துவக் காப்பீடு, மாதத் தொகை ஆகியவற்றில் எதை அவர்கள் தருகிறார்கள், எதை நீங்கள் முதலில் செலவழித்துப் பிறகு வாங்க வேண்டும்? திருப்பித் தருவோம் என்பது கையில் பணம் இல்லாதவருக்குப் பெரிய தடை. முன்பணம் கேட்பதில் தயக்கம் வேண்டாம். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காப்பீடு பொருந்துமா என்பதையும் கேளுங்கள்.

விசா நடைமுறை நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவின் பரிமாற்றத் திட்டங்களுக்கு ஜே-1 விசா. அதற்கு டிஎஸ்-2019 என்ற படிவத்தைத் திட்டம் நடத்துபவர்கள் அனுப்ப வேண்டும். அரசு நிதி பெற்றவர்கள் முடிந்தபின் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பொதுவாக உண்டு. செவனிங்கும் இரண்டு ஆண்டுக்கு நாடு திரும்பச் சொல்கிறது. ஜப்பானில் நீண்ட காலம் தங்கிப் பயில, அங்குள்ள குடிவரவுத் துறையிடம் தகுதிச் சான்றிதழை அழைக்கும் நிறுவனம் முதலில் வாங்கித் தரும். அதை வைத்துத்தான் நீங்கள் விசா கேட்க முடியும். இந்தக் காகிதங்கள் வர வாரக்கணக்கில் ஆகலாம், அதனால் அவர்கள் கேட்பதை அன்றன்றே அனுப்புங்கள். விசா அதிகாரியிடம் சொல்வதும் விண்ணப்பத்தில் எழுதியதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மோசடிகள் பெருகிவிட்டன. நீங்கள் விண்ணப்பிக்காத திட்டம் உங்களைத் தேர்ந்தெடுத்ததாக வரும் கடிதம், தனிநபர் கணக்குக்குப் 'பதிவுக் கட்டணம்' அனுப்பச் சொல்வது, இன்றே கட்டினால்தான் இடம் என்று அவசரப்படுத்துவது, பணத்துக்கு விசா உறுதி என்று சொல்லும் தரகர் இவை எல்லாமே எச்சரிக்கை மணிகள். முறையான பயிற்சி நிறுவனங்கள் சில கல்விக் கட்டணம் வாங்குவது உண்டுதான். ஆனால் அது அறிவிப்பிலேயே எழுதியிருக்கும், நிறுவனத்தின் கணக்குக்குப் போகும். சந்தேகம் வந்தால் மின்னஞ்சலில் உள்ள இணைப்பை அழுத்தாமல், தளத்தை நீங்களே தேடித் திறந்து அங்குள்ள முகவரிக்கு எழுதிக் கேளுங்கள்.

ஆபத்தான விஷயங்களில் வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தேர்வானவர்களின் படத்தையும் வேலையையும் திட்டங்கள் வெளியிடுகின்றன. அது உங்களுக்கோ மக்களுக்கோ தீங்கு தரும் என்றால், அறிவிப்புக்கு முன்பே பெயரை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். வெளியான பிறகு முழுமையாக அழிக்க முடியாது.

13. பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போங்கள்

புறப்படும் கடைசி நாளில் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு நிலைப்பதில்லை. இரண்டு மாதம் முன்பே ஒருவரை அந்த இடத்தில் உட்காரவைத்து, நீங்கள் பக்கத்தில் இருங்கள். கூட்டத்தை அவர் நடத்தட்டும், அதிகாரியிடம் அவர் பேசட்டும். வங்கிக் கையெழுத்து, சாவிகள், கடவுச்சொற்கள், நிலுவையில் உள்ள மனுக்கள், யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்ற பட்டியல் எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். நீங்கள் கொடுத்த வாக்கு மக்களுக்கு நினைவிருக்கும், உங்கள் இடத்துக்கு வந்தவருக்குத் தெரியாது.

போன இடத்திலிருந்து தினமும் அழைத்து வேலையை நடத்த முயலாதீர்கள். மாதம் ஒரு நாளை நிர்ணயித்துப் பேசுங்கள். நடுவில் அவசரம் என்றால் யாரைக் கேட்பது என்று இரண்டு பேரைக் குறித்துக் கொடுங்கள்.

மூன்றாம் பகுதியில் எழுதிய அந்தப் பக்கத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். அங்கே கற்கும்போது அது மாறும், மாற வேண்டும். மாறியதை மாதாமாதம் ஊருக்கு எழுதியனுப்புங்கள். திரும்பிய முதல் வாரத்தில் மக்கள் கூட்டத்துக்கு நாள் குறித்துவிட்டு விமானம் ஏறினால், வந்ததும் எதிலிருந்து தொடங்குவது என்ற குழப்பம் இருக்காது.